வலிமை பெறும் நீர்க்களி: ஒரு திறனாய்வு

மனிதன் செய்யும் பொருள்களுக்கும் இயற்கை வளர்க்கும் பொருள்களுக்கும் உள்ள வேற்றுமைகளுள் தலையாயது, காலத்தோடு அவை கொள்ளும் தொடர்பாகும். நெய்த துணி உடுக்க உடுக்க நைகின்றது. வார்த்த இரும்பு துருவேறுகின்றது. வண்டியின் அச்சு ஓட ஓடத் தேய்கின்றது. செய்து முடித்த நாளில் இருந்த உறுதி அவற்றுக்குப் பின்னொருநாளும் வருவதில்லை. உழைப்பவன் தோளோ உழைக்க உழைக்கத் திரள்கின்றது; நடப்பவன் எலும்பு நடையாலேயே உறுதி பெறுகின்றது. செயற்கைப் பொருளுக்குக் காலம் பகை. உயிருள்ள பொருளுக்கு அது, முதுமை வந்தடையும் வரையிலேனும், துணை.

இவ்வேற்றுமையைக் கடந்துவிட்டோமோ என எண்ணத்தூண்டும் ஆய்வுகள் சில இந்த இருபத்தோராம் நூற்றாண்டில் வெளிவந்துள்ளன. நீரையே பெரும்பகுதியாகக் கொண்ட மென்மையான செயற்கைக் களிகள் இழுக்க இழுக்க வலிமை பெறுகின்றன என்றும், நாட்செல்லச் செல்ல இறுகித் தம் இயல்பை மாற்றிக்கொள்கின்றன என்றும் அவை உரைக்கின்றன. ‘பயிற்சி’, ‘வளர்ச்சி’, ‘தசைபோன்ற’ என்னும் சொற்கள் அவற்றின் தலைப்புகளிலேயே இடம்பெற்றுள்ளன. அவ்வாய்வுகளின் சாதனை யாது என்பதையும், அவை பூண்டுகொண்ட பெயர்கள் அச்சாதனைக்கு எத்துணை பொருந்தும் என்பதையும் நடுவுநிலை நின்று நோக்குவதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

நீர்க்களியின் இயல்பு

பல்பகுதியம் எனப்படும் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகள் ஒன்றோடொன்று குறுக்கே பிணைந்து வலைபோல அமைய, அவ்வலையின் கண்களிலே நீர் தங்கி நிற்கும் பொருளை ஹைட்ரோஜெல் என்பர். அதனைத் தமிழில் நீர்க்களி எனலாம். அது திண்மமுமன்று, திரவமுமன்று. திண்மத்தைப்போல் வடிவங்கொண்டு நிற்கும், திரவத்தைப்போல் நுண்பொருள்களைத் தன்னூடே செல்லவிடும். பந்தியிலே பரிமாறப்படும் ஜெலி இவ்வினத்தது. கடற்பாசியைக் காய்ச்சி உறையவைக்கும் பண்டமும் இவ்வினத்தது. நம் பனை தரும் நுங்கும் இத்தன்மையதே. இளநுங்கு விரலால் நெகிழும். முற்றுந்தோறும் இறுகி, ஈற்றில் கத்திக்கும் எளிதில் இசையாத வன்மையை அடையும். ஆகவே, காலத்தோடு வலிமை பெறும் களி இயற்கைக்குப் புதியதன்று. மனிதன் கைக்கே புதியது.

மனிதன் செய்த நீர்க்களி மருத்துவத்துறையிற் புகுந்த வரலாற்றில் 1960ஆம் ஆண்டு குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டிலே பிராக் நகரத்து இரசாயனவியலாளரான ஓட்டோ விக்ட்டெர்லேயும் டிரஹோஸ்லாவ் லிம்மும், உடலோடு பொருந்தத்தக்க நீர்நாட்டமுள்ள களிகளைப் பற்றி ‘நேச்சர்’ இதழில் எழுதினர். கண்ணின்மேல் அணியும் மென்வில்லை அவ்வழியில் வந்ததே. ஆயினும் அக்களிகளுக்கு ஒரு குறை இருந்தது. சிறு கீறல் பட்டாலும் அவை பிளந்துவிடும். கண்ணுக்கு வில்லையாகலாம், முழங்காலுக்குக் கசியிழையமாக இயலாது.

இக்குறையை நீக்கியோருள் ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜியன் பிங் கோங் என்னும் பேராசிரியை முன்னணியில் நிற்பவர். அவரும் அவர் குழுவினரும் 2003ஆம் ஆண்டில் இரட்டை வலைக் களியை வெளியிட்டனர். ஒரே களியில் இரு வலைகள் ஒன்றனுள் ஒன்றாகப் பின்னிக்கிடக்கும். முதல் வலை விறைப்பானது, எளிதில் முறிவது. மற்றையது தளர்வானது, நன்றாக நீள்வது. களியை இழுக்குங்கால் முதல் வலையின் பிணைப்புகள் ஆங்காங்கு முறிந்து, வந்த சத்தியைத் தாமே ஏற்றுக்கொள்கின்றன. தளர்ந்த வலையோ களி முழுவதும் பிளந்துபோகாமற் காக்கின்றது. தன்னை முறித்துத் தன்னைச் சூழ்ந்ததைக் காக்கும் இப்பிணைப்புகளைத் தியாகப் பிணைப்புகள் என அவ்வாய்வாளர் வழங்குவர். ஏறத்தாழ 90 சதவீதம் நீராலான இக்களி, சாதாரணக் களி நொறுங்கிப்போகும் அமுக்கத்தைப் பன்மடங்கு விஞ்சித் தாங்கிற்று. ஆனால் முறிந்த பிணைப்பு முறிந்ததே. ஒவ்வொரு தியாகமும் ஓர் இழப்பாகவே நின்றது.

முறிவினின்று ஆக்கம்

அவ்விழப்பையே ஆக்கமாக மாற்றியது 2019ஆம் ஆண்டின் ஆய்வு. தக்காஹிரோ மட்சுடாவும் கோங்கும் பிறரும் அதனை ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்டனர். தசைப் பயிற்சியைக் கண்டு ஊக்கங்கொண்ட, விசைக்கு இணங்கித் தானே வளரும் நீர்க்களிகள் என்பது அதன் தலைப்பின் பொருள்.

இவ்வாய்வின் அடிப்படை எளிது; எளிமையே அதன் அழகு. மூலக்கூற்றுச் சங்கிலி ஒன்று விசையால் அறுபடும்பொழுது, அறுந்த இரு முனைகளிலும் சோடியற்ற இலத்திரன் ஒவ்வொன்று எஞ்சுகின்றது. இத்தகைய முனையைச் சுயாதீன மூலிகம் என்பர். அது தனித்திருக்க ஒருப்படாது. அருகில் எது கிட்டினும் அதனோடு பிணைய விரையும். வழக்கமான களியில் இம்மூலிகங்கள் பயனின்றி மடிகின்றன. ஹொக்கைடோ ஆய்வாளர், சங்கிலிகளுக்குக் கருப்பொருளான ஒருபகுதியங்கள் கரைந்த நீரிலே இரட்டை வலைக் களியை அமிழ்த்தி இழுத்தனர். அறுந்த முனைகள் ஒருபகுதியங்களைப் பற்றிக்கொண்டு புதிய சங்கிலிகளாக நீண்டன. குறுக்குப் பிணைப்புகளும் தோன்றின. முறிந்த வலையினிடத்தே புதிய வலை எழுந்தது. மீண்டும் இழுப்ப மீண்டும் முறிவு, மீண்டும் ஆக்கம்.

இவ்வாறு திரும்பத் திரும்ப இழுத்த பின்னர், களியிலுள்ள பல்பகுதியத்தின் நிறை 86 சதவீதம் கூடியிருந்தது. அதன் வலிமை 1.5 மடங்காயிற்று. விறைப்போ 23 மடங்காயிற்று.

பொருள்களின் அறிவியலில் இஃது ஒரு திருப்பம் என்பதில் ஐயமில்லை. முறிவு என்பது பொறியியலார்க்கு என்றும் தவிர்க்கப்படவேண்டிய தீமை. அதனை ஒரு கட்டளையாக, ‘இவ்விடத்தில் பளு மிகுந்தது, இவ்விடத்தைக் கட்டுக’ எனப் பொருளே தனக்கு அனுப்பும் செய்தியாக, இவ்வாய்வு மாற்றிவிட்டது. எங்கே பளு விழுகின்றதோ அங்கேதான் முறிவு. எங்கே முறிவோ அங்கேதான் ஆக்கம். புறத்திருந்து ஓர் அளவுகருவியோ கணிப்பொறியோ இடந்தேடிச் சொல்லவேண்டியதில்லை. இப்பெருமையை முதலில் ஒப்புக்கொண்டே பின்வருவனவற்றைக் கூறுகின்றோம்.

பெயரும் பொருளும்

‘தானே வளரும்’ என்னும் அடையை எடுத்துக்கொள்வோம். வளர்ச்சிக்குரிய தூண்டல் களியினுள்ளேயே பிறக்கின்றது. அந்த அளவில் ‘தானே’ என்னும் சொல் தகும். ஆனால் உணவு வெளியிலிருந்து வருகின்றது. ஒருபகுதியங் கரைந்த நீரை ஆய்வாளன் ஊட்டாவிடின், அக்களி மற்றைக் களிகளைப்போல் முறிந்து நலியும். தசைக்கும் உணவு வெளியிலிருந்தே வருகின்றதன்றோ எனின், வருவது உண்மை. ஆயினும் தசை அவ்வுணவைச் செரித்து, பிரித்து, தனக்கு வேண்டிய புரதமாகத் தானே சமைத்துக்கொள்கின்றது. களிக்கு ஊட்டப்படுவதோ முன்னரே சமைத்து வைத்த கவளம். மேலும், ஒட்சிசன் சுயாதீன மூலிகங்களைக் கவர்ந்துகொள்ளும் இயல்பினது. உயிருள்ள தசை ஒட்சிசனாலே வாழ, இக்களியின் வளர்ச்சிக்கு அதே ஒட்சிசன் தடையாகின்றது. இரண்டையும் ஒரே சொல்லால் வழங்கும் நாம் இவ்வேற்றுமையை மறத்தலாகாது.

தசைப் பயிற்சி என்னும் உவமையும் ஆராயத்தக்கது. பயிற்சியால் தசைநார் கிழிகின்றது, கிழிந்தது முன்னையிலும் தடித்து ஆறுகின்றது, அதுவே வளர்ச்சி என்பது உடற்பயிற்சிக் கூடங்களிற் பரவலாக வழங்கும் கருத்து. கடும் பயிற்சியில் நுண்ணிய சேதம் நிகழ்தல் உண்டு. ஆயினும், தசை வளர்வதற்குச் சேதம் இன்றியமையாததன்று என்றும், பளுவால் தசையில் எழும் இழுவிசையே தலைமைத் தூண்டல் என்றும் உடற்றொழிலியலார் இன்று கருதுகின்றனர். தசை, முறிந்த பின்னர் விழித்தெழுவதன்று. முறியுமுன் பளுவை உணர்ந்து ஆயத்தஞ் செய்வது. களியோ முறிந்தாலன்றி உணராது. ஆதலின் களி பின்பற்றியது தசையை அன்று, தசையைப் பற்றிய ஒரு பழங்கருத்தையே எனல் வேண்டும். இதனால் ஆய்வின் மதிப்புக் குறைவதில்லை. உவமையின் மதிப்பே குறைகின்றது.

வலிமை ஒன்றன்று

உவமையினும் முக்கியமானது எண்களைப் படிக்கும் முறை. வலிமை 1.5 மடங்கு, விறைப்பு 23 மடங்கு என்னும் இரு எண்களையும் அருகருகே வைத்து நோக்குக. ‘வலுப்பெற்றது’ என்று நாம் பேச்சுவழக்கில் ஒன்றாகச் சொல்வதைப் பொருளியல் நுட்பமாகப் பிரிக்கின்றது. பிளக்குமுன் ஒரு பொருள் தாங்கும் தகைப்பு அதன் வலிமை. இழுக்கும் விசைக்கு நீளாமல் எதிர்த்து நிற்பது விறைப்பு. இதனை யங்கின் மட்டால் அளப்பர். கீறல் விழுந்தபின்னும் கீறல் பரவவிடாமல் நிற்பது உரம். பல்லாயிரம் தடவை சிறு பளு ஏறி இறங்கினும் கீறல் வளரவிடாமை களைப்பெதிர்ப்பு. கண்ணாடி விறைப்பானது, உரமற்றது. இறப்பர் உரமுடையது, விறைப்பற்றது. ஹொக்கைடோக் களி பயிற்சியால் பெற்றது பெரும்பாலும் விறைப்பே. கையால் நெகிழ்ந்தது இறுகிப்போயிற்று. தாங்கும் ஆற்றலோ ஒன்றரை மடங்கிலே நின்றது. அதனைப் ‘பயிற்சியால் திரண்ட தசை’ என்பதைவிட ‘முற்றிய நுங்கு’ என்பது ஒருவாறு பொருந்தும்.

அதே 2019ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் ஷாவோடிங் லின், சுவன்ஹே ஸாவோ முதலியோர் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேர்மாறான வழியிற் சென்றது. பொலிவைனைல் அற்ககோலாலான களியை நீர்த்தொட்டியில் வைத்து அவர்கள் பன்முறை இழுத்தனர். புதிய பொருள் எதுவும் ஊட்டப்படவில்லை. களியினுள் தாறுமாறாகக் கிடந்த மிக நுண்ணிய நாரிழைகள் இழுவையின் திசையிலே வரிசைப்பட்டன, அவ்வளவே. ஆயினும் பயன் பெரிது. கீறல் வளராமல் தாங்கும் களைப்பெல்லை சதுர மீற்றருக்கு 1250 யூல் ஆயிற்று, வலிமை 5.2 மெகாபாஸ்கால் ஆயிற்று. சாதாரண நீர்க்களிகளில் அக்களைப்பெல்லை 100 யூலைத் தாண்டுதல் அரிது. அத்தனைக்கும் அக்களியின் 84 சதவீதம் நீராகவே இருந்தது. யங்கின் மட்டு 200 கிலோபாஸ்கால் என்னும் மென்மையில் நின்றது. வலிமையும் மென்மையும் ஒருங்கே உறைதல் தசையின் உண்மையான சிறப்பு. அச்சிறப்பில் இந்த ஆய்வே தசைக்கு அணுக்கமானது.

எனினும் இதற்கும் எல்லையுண்டு. வரிசைப்பட்ட இழைகள் வரிசைப்பட்ட திசையிலேயே பெருவலி காட்டும். அன்றியும், பயிற்சி முழுவதும் களி தொழிலுக்குச் செல்லுமுன் முடிந்துவிடுகின்றது. அது பதப்படுத்தல், கொல்லன் இரும்பை அடித்து உறுதியாக்குவதை ஒத்தது. தொழில் செய்யும்பொழுதே வலுப்பெறுதல் ஹொக்கைடோக் களிக்கேயுரிய தனிச்சிறப்பு. ஒன்று தசையின் ஒழுக்கத்தை உடையது, பண்பை அடையவில்லை; மற்றையது பண்பை அடைந்தது, ஒழுக்கத்தை உடையதன்று.

காலம் என்னும் அளவு

மூன்றாவதாக ஒரு நெறி உண்டு. ஏனைய இரண்டைப்போல் அது புகழ்பெறவில்லை. ஆயினும் மருத்துவத்துக்கு அதுவே நெருங்கியது என்பது எமது கருத்து. அந்நெறியில் களி வலுப்பெறுவது அதனைப் பயன்படுத்துவதால் அன்று, நாள் கழிவதால்.

இதன் தோற்றுவாயை அறியப் பிறிதோர் உண்மையை முதலில் அறிதல் வேண்டும். பல்வேறு இழையங்களாக விருத்தியடையக்கூடிய மூலக் கலங்கள், தாம் பற்றிநிற்கும் தளத்தின் மென்மை வன்மைகளை உணர்கின்றன என்பதை அடம் எங்லரும் டெனிஸ் டிஷரும் பிறரும் 2006ஆம் ஆண்டில் காட்டினர். மூளைபோல் மெல்லிய களியில் இட்டவை நரம்புக் கலங்களின் சாயலையும், தசைபோன்ற களியில் இட்டவை தசையின் சாயலையும், அவற்றினும் வன்மையான களியில் இட்டவை எலும்பின் சாயலையும் பெற்றன. ஆனால் உடலிலே எந்த இழையமும் ஒரே வன்மையில் நிற்பதில்லை. கோழியின் இதயம் இளங்கருவில் ஏறத்தாழ 0.9 கிலோபாஸ்கால் அளவினதாய்த் தொடங்கி, முதிர்ந்த நிலையில் 8.2 கிலோபாஸ்காலை எட்டுகின்றது. ஜெனிபர் யங்கும் எங்லரும் 2011ஆம் ஆண்டில், மெல்ல நிகழும் ஓர் இணைப்புத் தாக்கத்தைக் கொண்டு, இவ்விதய விருத்தியின் போக்கை ஒத்து இறுகும் களியொன்றை அமைத்தனர். அதன்மேல் வளர்ந்த இதயத் தசைக் கலங்கள், மாறாத களிமேல் வளர்ந்தவற்றிலும் முதிர்ச்சி மிக்கனவாக இருந்தன.

முராட் குவெண்டிரெனும் ஜேசன் பேர்டிக்கும் 2012ஆம் ஆண்டில் செய்த ஆய்வு இதனை மேலும் தெளிவாக்கிற்று. கலங்கள் வாழ்ந்துகொண்டிருக்கும் களியை, விரும்பிய நாளில் ஒளிபாய்ச்சி, ஏறத்தாழ 3 கிலோபாஸ்காலிலிருந்து 30 கிலோபாஸ்காலுக்கு அவர்கள் இறுகச்செய்தனர். தொடக்கத்திலேயே இறுக்கப்பட்ட களியில் எலும்பு நோக்கிய போக்கு மிகுந்தது. பிந்தி இறுக்கப்பட்டதில் கொழுப்புக் கலங்களை நோக்கிய போக்கு மிகுந்தது. களியின் முடிவான வன்மை இரண்டிலும் ஒன்றே. வேறுபட்டது நாளே. பயிருக்கு நீர் எவ்வளவு என்பதோடு எப்பொழுது என்பதும் கேட்கப்படுவதுபோல, களிக்கு வலிமை எவ்வளவு என்பதோடு எப்பொழுது என்பதும் கேட்கப்படல் வேண்டும்.

இத்துடன் கிறிஸ்ரி அன்செத் குழுவினர் 2014ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிபையும் சேர்த்து எண்ணுக. வன்மையான தளத்தில் நெடுநாள் வாழ்ந்த கலங்கள், தளம் பின்னர் மென்மையாக்கப்பட்டபோதும் பழைய வன்மையை மறவாதனபோல் ஒழுகின. குறுகிய காலம் வாழ்ந்தவையோ விரைவில் மறந்தன. ஆகவே, தவறான காலத்தில் இறுகிய களி, பின்னர் திருத்தப்பட்டாலும் தன் தடத்தை விட்டுச்செல்லக்கூடும்.

முடிபு

மூன்று நெறிகளையும் ஒருங்கே நோக்கின், மூன்றிலும் காணப்படாத ஒன்று புலனாகின்றது. அது குறைத்தல். படுக்கையிற் கிடந்த நோயாளியின் கால் மெலிகின்றது. இதனை நாம் குறையென எண்ணுகின்றோம். உண்மையில் அது சிக்கனம். எலும்பு தான் சுமக்கும் பளுவுக்கேற்பத் தன்னைத் திருத்தியமைக்கின்றது என ஜேர்மன் மருத்துவர் ஜூலியஸ் வொல்ப் 1892ஆம் ஆண்டில் நிறுவ முற்பட்டார். அத்திருத்தம் கட்டும் கலங்களால் மட்டும் நிகழ்வதன்று. இடிக்கும் கலங்களாலும் நிகழ்கின்றது. கட்டுவோனும் இடிப்போனும் ஒரே மனையில் வாழ்வதாலேயே எலும்பு வாழ்கின்றது.

இடித்தலின்றிக் கட்டுதல் மட்டும் நிகழுமாயின் என்னாகும் என்பதையும் உடலே நமக்குக் காட்டுகின்றது. மாரடைப்பின் பின் இதயத்தில் தோன்றும் தழும்பு இயல்பான தசையிலும் பன்மடங்கு விறைப்பானது. ஈரலில் நார் மிகுந்து இறுகும் நோயும் அத்தகையதே. இவை வலிமையின் பெயரால் வந்த கேடுகள். ஆகவே, இழுக்க இழுக்க இறுகிக்கொண்டே போகும் ஒரு களியை முழங்காலிலோ இதயத்திலோ வைக்க எண்ணுவோர், அது எவ்வளவு வலுப்பெறும் என்பதை முதலிற் கேட்டல் போதாது. எங்கே நிறுத்தும் என்பதையே முதலிற் கேட்டல் வேண்டும். ஒளியின் ஏவலால் இறுகவும் இளகவும் செய்யும் களிகள் இன்று உள்ளன. ஆயின் அவ்வேவல் ஆய்வாளன் கையிலுள்ள விளக்கினின்று வருவது. களி தாங்கும் பளுவினின்று வருவதன்று. பளு கூடும்போது கட்டி, பளு குறையும்போது தளர்த்தி, போதுமென்ற அளவில் நிற்கும் களி செய்யப்படும் நாளிலேதான் ‘தசைபோன்ற’ என்னும் அடை அதற்கு முழுதும் உரியதாகும்.

இவ்வாறு கூறுவதால் இவ்வாய்வுகளை இகழ்ந்ததாக எவரும் கொள்ளற்க. முறிவைச் செய்தியாக்கிய ஹொக்கைடோ ஆய்வு, ஒழுங்கினாலேயே உறுதி தந்த மசாசூசெட்ஸ் ஆய்வு, காலத்தை ஓர் அளவாக்கிய கலவியல் ஆய்வுகள் ஆகிய ஒவ்வொன்றும் இயற்கையின் ஒரு கூற்றைக் கைப்பற்றியுள்ளது. நாம் மறுப்பது, ஒரு கூற்றைப் பெற்றதும் முழுமைக்குரிய பெயரைச் சூட்டிக்கொள்ளும் விரைவையே. விஞ்ஞானம் பயிலும் மாணவர் ஓர் ஆய்வைக் கற்கும்பொழுது அதன் தலைப்பிலே மயங்காது, அது தரும் எண்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, எது கூடிற்று, எது கூடவில்லை, எதனை விலையாகக் கொடுத்து எது பெறப்பட்டது என வினாவும் பழக்கத்தைக் கைக்கொள்வாராக. இலக்கியத்துக்கே உரியது திறனாய்வு என்று எண்ணுதல் வேண்டா. சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள இடைவெளியை அளப்பதே அதன் தொழிலாயின், ஆய்வுகூடத்திலும் அதற்கு நிறைந்த வேலை உண்டு.